வெளிநாட்டில பேற்றன்ற் எடுக்கிறது: எங்கட ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்வியள்

முதலே சொல்லிப்போடுறன், நான் சட்டத்தரணி இல்லை. என்ர மச்சான் பனங்களி எடுக்கிற மிஷின் ஒண்டு செய்தவர், கோண்டாவிலில ஒரு லேத் பட்டறையில வைச்சு ரெண்டு வருசமாக் கழட்டிக் கழட்டிப் பூட்டினது, அதுக்குப் பேற்றன்ற் எடுக்கவேணும் எண்டு வெளிக்கிட்டதில எழுத்து வேலை எல்லாம் என்ர தலையில விழுந்திட்டுது. அதுக்குப் பிறகு எனக்கு வாற கோலில பாதி இதைப்பற்றித்தான். ஒவ்வொருத்தருக்கும் திருப்பித் திருப்பிச் சொல்ல ஏலாமல் இதை எழுதுறன். அரச பாஷையில இதுக்குப் பேர் ஆக்கவுரிமை, ஆனா ஆரும் அப்பிடிக் கதைக்கிறதைக் காணேல்லை, அதால நானும் பேற்றன்ற் எண்டே எழுதுறன். நீங்கள் கண்டுபிடிச்சதை உங்கட அனுமதி இல்லாமல் வேற ஆரும் செய்து விக்கேலாது எண்டு அரசாங்கம் குறிச்ச காலத்துக்குத் தாற உரிமைதான் அது.

உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற பேற்றன்ற் ஒண்டு எடுக்கலாமோ?

இல்லை. அப்பிடி ஒரு சாமான் கிடையாது. ஆரும் "இன்ரநாஷனல் பேற்றன்ற் எடுத்துத் தாறன்" எண்டு காசு கேட்டால் அங்கயே எழும்பி வாங்கோ. பேற்றன்ற் நாட்டுக்கு நாடு வேற. கொழும்பில எடுத்தது இலங்கைக்குள்ள மட்டும்தான், ராமேஸ்வரத்தில ஒருத்தர் அதே மிஷினைச் செய்து வித்தால் உங்கட இலங்கைப் பத்திரத்தைக் காட்டி ஒண்டும் செய்யேலாது.

அப்ப ஜெனீவாவில போடுறது எண்டு சொல்லுறது என்ன?

ஜெனீவா எண்டவுடன எங்கட சனத்துக்கு மனித உரிமைச் சபைதான் ஞாபகம் வரும், அதே ஊரில வைப்போ எண்டு உலகப் புலமைச் சொத்து அமைப்பும் இருக்கு. 1970இல கைச்சாத்தான பி.சி.ரி. எண்ட பேற்றன்ற் ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின்ர வேலையை அவை பாக்கினம், இலங்கை 1982இல இருந்து அதில அங்கம். ஒரே ஒரு அப்பிளிகேசன் போட்டால் 150க்கு மேற்பட்ட நாடுகளில ஒரே நாளில போட்ட மாதிரிக் கணக்கு. ஆனா வடிவாக் கேளுங்கோ, போட்ட மாதிரித்தான், கிடைச்ச மாதிரி இல்லை. அது உங்களுக்குத் தாறது நேரம். ஒரு தேடல் அறிக்கையும் தருவினம், உங்கட கண்டுபிடிப்புப் புதுசோ, முந்தி ஆரும் செய்ததோ எண்டு ஒரு பரிசோதகர் பாத்து எழுதுறது. பேற்றன்ற் தாறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்கிறது கடைசியில அந்தந்த நாட்டு ஒஃபிஸ்தான்.

முதல் கொழும்பில போட்டுத்தான் வெளியில போகவேணுமோ?

கட்டாயம் எண்டு இல்லை, பி.சி.ரி.யை நேர வைப்போவின்ர இணையத்துக்குள்ளால இஞ்ச இருந்துகொண்டே போடலாம். ஆனா நான் ஆருக்கும் சொல்லுறது முதல் கொழும்பில போடுங்கோ எண்டுதான், செலவு குறைவு, அதோட அந்தத் திகதி கைக்கு வந்திடும். தேசிய புலமைச் சொத்து அலுவலகம் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில இருக்கிற சமாகம் மெதுரவில. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டத்தின்ர கீழதான் எல்லாம் நடக்குது.

அந்த 12 மாசம், 30 மாசம் எண்டுறது என்ன கணக்கு?

இதுதான் முழு விசயத்தின்ர முள்ளந்தண்டு, இதைப் பிழைவிட்டால் மற்றது எல்லாம் சரியாச் செய்தும் பிரயோசனமில்லை.

நீங்கள் முதல்முதல் எங்க போட்டாலும் அந்த நாள் முன்னுரிமைத் திகதி. உதாரணத்துக்கு 2025 ஆகஸ்ட் 20 கொழும்பில போட்டியள் எண்டு வையுங்கோ. அதில இருந்து 12 மாசத்துக்குள்ள, அதாவது 2026 ஆகஸ்ட் 20க்குள்ள, வெளிநாட்டிலயோ பி.சி.ரி.யிலயோ போட்டால் அவையும் 2025 ஆகஸ்ட் 20ஐத்தான் உங்கட நாளா எடுப்பினம், இடையில வேற ஆரும் அதே சாமானைப் போட்டிருந்தாலும் நீங்கள்தான் முந்தி. இது 1883ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையில வந்த உரிமை. பி.சி.ரி. போட்டால் 18ஆம் மாசம், 2027 பெப்ரவரி அளவில, உங்கட அப்பிளிகேசன் பகிரங்கமா வெளியில வரும், உலகத்தில ஆரும் வாசிக்கலாம். பிறகு 30ஆம் மாசம், 2028 பெப்ரவரி 20, அதுக்குள்ள எந்தெந்த நாட்டுக்குள்ள போறது எண்டு முடிவெடுத்து அங்கத்தைக் காசைக் கட்டி உள்ளுக்க போகவேணும். ஐரோப்பாவும் இந்தியாவும் 31 மாசம் தருவினம்.

12 மாசத்தைத் தவறவிட்டால் இன்னும் ரெண்டு மாசத்துக்குள்ள காரணம் காட்டிக் கெஞ்சிப் பாக்கலாம், எல்லா நாடும் ஏற்காது. 30ஐத் தவறவிட்டு, "ரெயின் பிந்தினதால வரேல்லை" எண்டு சொல்லிக்கொண்டு நிக்கேலாது. மச்சான்ர வீட்டுச் சுவரில முருகன் கலண்டருக்குப் பக்கத்தில இந்த நாலு திகதியும் சிவப்புப் பேனையால எழுதி ஒட்டியிருக்கு, மாமி அது ஏதோ கடன்காரர் தவணை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவ.

நான் ஏற்கனவே பேஸ்புக்கில வீடியோ போட்டிட்டன், அது பிரச்சினையோ?

ஓம், பெரிய பிரச்சினை. பேற்றன்றுக்கு முதல் நிபந்தனை புதுமை. போடுறதுக்கு முதல் நீங்களே உலகத்துக்குக் காட்டினாலும் அது பழசாப் போச்சு எண்டுதான் கணக்கு. யூரியூப், முற்றவெளி வர்த்தகக் கண்காட்சி, பள்ளிக்கூடப் புத்தாக்கப் போட்டி, கம்பஸ் ஆய்வு மாநாட்டுக் கட்டுரை, உதயன் பேப்பர்காரர் வந்து எடுத்த பேட்டி, எல்லாம் இதுக்குள்ள வரும்.

சில நாடு இரக்கம் காட்டும். அமெரிக்காவும் ஜப்பானும் இலங்கையும் கண்டுபிடிச்சவர் தானே வெளியில விட்டதுக்கு ஒரு வருசம் விட்டுக்குடுக்கினம். கனடாவும் ஒரு வருசம் தரும், ஆனா அதில ஒரு கண்ணி இருக்கு. அந்த வருசம் கொழும்பில போட்ட நாளில இருந்து எண்ணுறதில்லை, கனடாவுக்கான அப்பிளிகேசனோ பி.சி.ரி.யோ போட்ட நாளில இருந்து பின்னுக்கு எண்ணுறது. வீடியோவைப் போட்டு ரெண்டு மாசத்தில கொழும்பில போட்டு, பேந்து 12ஆம் மாசம் ஆறுதலா பி.சி.ரி. போட்டால் மொத்தம் 14 மாசம், கனடா போச்சு. ஐரோப்பாவில உந்த இரக்கம் இல்லை எண்டே சொல்லலாம், ஆரும் களவாய் வெளிப்படுத்தினால் ஒழிய. இந்தியாவிலயும் வாசல் மெத்த ஒடுக்கம்.

ஒரு பெடியன் என்னட்டை வந்தவன், ஏ.எல். படிக்கேக்க வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி விடுற ஒரு சின்னக் கருவி செய்தவன், நல்ல மூளை. வீடியோ போட்டு ஆயிரக்கணக்கில ஷெயர் போயிருக்கு, ஊர்ச் சனமெல்லாம் வாழ்த்து. அவன் என்னட்டை வரேக்க வீடியோ போட்டு 14 மாசம். எனக்கு அவன்ர முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரேல்லை. கடைசியில சொன்னன், இப்ப பேற்றன்ற் இல்லை தம்பி, ஆனா அதில நீ புதுசா மாத்தினது ஏதும் இருந்தால், அந்த மாத்தத்துக்கு மட்டும் போடலாம், அதையாவது ஆருக்கும் காட்டாத எண்டு.

அண்ணை ரொறன்ரோவில, அக்கா லண்டனில, சித்தப்பா சுவிஸில. அந்த மூண்டு நாட்டிலயும் போடுவமே?

எங்கட ஆக்கள் நாட்டைத் தெரிவுசெய்யிற முறை இதுதான், கலியாணக் கார்ட் அனுப்புற லிஸ்ட் மாதிரி. சொந்தக்காரர் இருக்கிற நாடு வேற, உங்கட சாமானை ஆரும் கொப்பியடிச்சால் உங்களுக்கு நட்டம் வாற நாடு வேற.

மச்சானும் முதல் கனடா எண்டுதான் நிண்டவர். நான் கேட்டன், ரொறன்ரோவில பனை எங்க நிக்குது? அங்க பனங்களி போத்திலிலயும் ரின்னிலயும் போகுமே தவிர மிஷின் போகாது. பனை நிக்கிறது தமிழ்நாட்டில, கம்போடியாவில, தாய்லாந்தில, இந்தோனேசியாவில. மிஷினைச் செய்து விக்கக்கூடிய பட்டறையள் கூடுதலா இருக்கிறது இந்தியாவில. அப்ப இந்தியாதான் முதல், மற்றதெல்லாம் காசு மிஞ்சினால். ஆரு வாங்குவினம், ஆரு செய்வினம், இந்த ரெண்டு கேள்வியையும் கேட்டிட்டு நாட்டைப் பாருங்கோ. ஒரு நாட்டுக்கு, அங்க உங்களுக்காகப் பேற்றன்ற் வேலை பாக்கிற ஏஜென்ற்றின்ர காசு, பரிசோதனைக் காசு, வருசா வருசம் புதுப்பிக்கிற காசு எண்டு தனித்தனியா வரும், அஞ்சு நாடு எண்டால் ஒரு காணியே போயிடும்.

இந்தியாவில தனியாளுக்கு அரச கட்டணம் பரவாயில்லை. இணையத்தில போட 1,600 இந்திய ரூபா, பரிசோதிக்கச் சொல்லிக் கேக்க 4,000, பெரிய கம்பனியளுக்கு இது அஞ்சு மடங்கு. பரிசோதிக்கச் சொல்லிக் கேக்கிறதை மறந்திடாதேங்கோ, கேக்காட்டி ஆரும் திறந்தும் பாக்கமாட்டினம், அதுக்கும் 31 மாசம்தான் தவணை. வேற எந்தெந்த நாட்டில போட்டிருக்கிறியள் எண்டும் அவைக்கு அறிவிக்கவேணும்.

பி.சி.ரி.க்கு எவ்வளவு காசு?

சர்வதேச கட்டணம் 1,330 சுவிஸ் பிராங். அப்பிளிகேசன் 30 பக்கத்துக்கு மேல போனால் மேலதிகப் பக்கம் ஒவ்வொண்டுக்கும் 15 பிராங். கேட்டவுடன கதிரையில இருக்கிறவை எழும்பப் பாப்பினம், இருங்கோ. இலங்கைப் பிரஜையா இருந்து இலங்கையில வசிக்கிற தனியாளுக்கு இதில 90 வீதம் கழிவு. கிட்டத்தட்ட 133 பிராங்தான். தேடல் கட்டணம் இதுக்குள்ள இல்லை, அது தனி, எந்த ஒஃபிஸைத் தேடச் சொல்லுறியள் எண்டதைப் பொறுத்து நல்லா வித்தியாசப்படும். ஐரோப்பிய ஒஃபிஸ் வருமானம் குறைஞ்ச நாட்டுத் தனியாளுக்கு 75 வீதம் குறைக்கும்.

அண்ணை காசு கட்டுறார், அப்ப அவற்ற பேரையும் போடுவமே?

பேரைப் போட்ட உடன அந்த 90 வீதம் போச்சு. விண்ணப்பதாரர் எத்தினை பேர் எண்டாலும் ஒவ்வொருத்தரும் அந்தத் தகுதிக்குள்ள இருக்கவேணும், கனடா அண்ணை இல்லை. சரி பேரைப் போடாமல் உள்ளுக்க பங்கு எழுதிக்குடுப்பம் எண்டு நினைக்கிறியளோ, அதுவும் சரிவராது, போடுற நேரத்தில மறைமுகமா உரிமை வைச்சிருக்கிற ஆரும் தகுதி இல்லாதவரா இருக்கக்கூடாது எண்டு விதியிலயே எழுதியிருக்கு. அண்ணை அன்பளிப்பாவோ கடனாவோ தந்தால் அது வேற கதை, காசு தந்ததுக்காக ஆரும் உரிமையாளர் ஆகிறதில்லை. உங்கட சொந்தக் கம்பனியின்ர பேரில போட்டாலும் இந்தக் கழிவு கிடையாது, தனியாளுக்கு மட்டும்தான்.

இன்னொண்டு, கண்டுபிடிச்சவர் எண்ட இடத்தில உண்மையா மூளையைப் பாவிச்சவையின்ர பேர்தான் வரவேணும். அதிபர், எம்.பி., காசு தந்த பெரியப்பா எண்டு மரியாதைக்குப் பேர் போடுற இடம் இல்லை அது.

அப்பிளிகேசனை நானே எழுதலாமோ?

எழுதலாம். ஆனா கேட்புரைகள் எண்ட பகுதி வருதே, இங்கிலீசில கிளெயிம்ஸ், எதுக்கு உரிமை கேக்கிறியள் எண்டு எழுதுற இடம், அதை மட்டும் தெரிஞ்ச ஒருத்தரட்டைக் காட்டாமல் போடாதேங்கோ, வேற எதிலயும் காசு மிச்சம் பிடியுங்கோ.

ஏன் எண்டு மச்சான்ர மிஷினை வைச்சே சொல்லுறன். பனம்பழத்தைத் தோல் உரிச்சுக் கையால பினைஞ்சு பாத்தவைக்குத் தெரியும், களி வாறது கஷ்டமில்லை, தும்புதான் வில்லங்கம். அவர் ஒரு உருளையில கோழிக்கு இறகு பிடுங்கிற மிஷினில இருக்கிற மாதிரி ரப்பர் விரல்களைப் பூட்டி, தண்ணி தெளிச்சுச் சுத்தவிட்டார். முதல் நாளே தும்பெல்லாம் விரலில சுத்திக் கயிறு திரிச்ச மாதிரி நிண்டிட்டுது. பேந்துதான் சில செக்கனுக்கு ஒருக்கா எதிர்ப்பக்கம் சுத்தவிட்டுப் பாத்தவர், தும்பு தானா அவிண்டு விழுந்திட்டுது. கண்டுபிடிப்பு எண்டால் அதுதான். ஆனா அவர் முதல் எழுதின பேப்பரில என்ன இருந்தது தெரியுமோ, "12 ரப்பர் விரல்கள் உள்ள இரும்பு உருளை". உப்பிடியே பேற்றன்ற் கிடைச்சிருந்தால் பக்கத்துப் பட்டறைக்காரர் 11 விரலோட பிளாஸ்ரிக் உருளை செய்து அவற்ற கண்ணுக்கு முன்னாலயே வித்திருப்பார், ஒண்டும் கேக்கேலாது. பிறகு எத்தினை விரல், என்ன உலோகம் எண்டதை எல்லாம் முதல் கேட்புரையில இருந்து எடுத்துப்போட்டு, திசை மாறிச் சுத்திறதால தும்பு கழருற அமைப்பு எண்டு எழுதினது. விரல் கணக்கெல்லாம் கீழ துணைக் கேட்புரையாய்ப் போனது.

அதோட, போட்ட பிறகு புதுசா ஒண்டும் சேர்க்கேலாது. அதால விளக்கப் பகுதியில உங்களுக்குத் தெரிஞ்ச எல்லா விதத்தையும், விரலை வாழைநாரால செய்யலாமோ, உருளையைக் கையால சுத்தலாமோ, மோட்டரோ, எல்லாத்தையும் முதல் நாளே எழுதிப்போடுங்கோ. முன்னுரிமைத் திகதியும் முதல் பேப்பரில இருந்த விசயத்துக்கு மட்டும்தான் கிடைக்கும்.

தமிழில எழுதிப் போடலாமோ?

வைப்போவுக்கு நேர போடேக்க எந்தப் பாஷையிலயும் ஏற்பினம், தமிழிலயும். ஆனா ஒரு மாசத்துக்குள்ள மொழிபெயர்ப்புக் கேப்பினம், ஏனெண்டால் வெளியிடுற பத்துப் பாஷைக்குள்ள தமிழ் இல்லை. இங்கிலீசிலயே தொடங்குங்கோ. இந்தியாவிலயும் இங்கிலீசு அல்லது ஹிந்தி. ஜப்பான், சீனா, கொரியா போறதெண்டால் அவையின்ர பாஷை, மொழிபெயர்ப்புக் காசுதான் அங்க பெரிய அடி.

ஐரோப்பாவுக்கு ஒண்டு போட்டால் சுவிஸ், லண்டன் எல்லாம் வருமோ?

மியூனிச்சில இருக்கிற ஐரோப்பிய பேற்றன்ற் ஒஃபிஸில 39 நாடு அங்கம், பிரித்தானியா, சுவிஸ், நோர்வே உட்பட. ஒரே பரிசோதனை, கிடைச்ச பிறகு நாடு நாடா உறுதிப்படுத்தவேணும். 2023 ஜூன் 1இல இருந்து ஒருங்கிணைந்த பேற்றன்ற் எண்டு ஒண்டும் வந்திருக்கு, ஒரே காசில பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி எண்டு கன நாடு மூடலாம், ஆனா எங்கட சனம் கூட இருக்கிற லண்டனும் சுவிஸும் நோர்வேயும் அதுக்குள்ள இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியில இருக்கிறவை அங்கத்தை ஏஜென்ற் ஒருத்தரை வைச்சே ஆகவேணும்.

நான் சென்னையில படிக்கிறன், அங்க இருந்து செய்த கண்டுபிடிப்பு?

கவனம். இந்தியாவில வசிக்கிறவர் இந்தியாவுக்கு வெளியில போடுறதெண்டால் முதல் அங்க போட்டு ஆறு கிழமை பொறுக்கவேணும், இல்லாட்டி அனுமதி எடுக்கவேணும். பிரஜாவுரிமை இல்லை, வசிப்பிடம்தான் கணக்கு. அமெரிக்காவில வைச்சுச் செய்த கண்டுபிடிப்புக்கும் இதே மாதிரி அனுமதி விதி இருக்கு. கம்பஸில படிச்சுக்கொண்டு அங்கத்தை ஆய்வுகூடத்தில செய்திருந்தால் உரிமை உங்களுக்கோ கம்பஸுக்கோ எண்டதையும் பாத்திட்டு இறங்குங்கோ.

முந்தி ஆரும் செய்திட்டினமோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

கூகிள் பேற்றன்ற்ஸ், எஸ்பாசிநெற், வைப்போவின்ர பேற்றன்ற்ஸ்கோப், மூண்டும் சும்மா பாக்கலாம். "பனை" எண்டு மட்டும் தேடாதேங்கோ. மாம்பழக் களி எடுக்கிற மிஷின், தும்பு பிரிக்கிற மிஷின் எண்டு பக்கத்து விசயத்தையும் தேடுங்கோ, பரிசோதகர் அப்பிடித்தான் தேடுவார். ரெண்டு பின்னேரம் இதில செலவழிச்சால் பல ஆயிரம் மிச்சம்.

அம்மம்மா செய்த ஒடியல் மருந்துக்குப் பேற்றன்ற் எடுக்கலாமோ?

தலைமுறையாச் செய்து வந்ததுக்கு ஏலாது, புதுமை இல்லை. மஞ்சள் காயத்தை மாத்தும் எண்டதுக்கு அமெரிக்காவில 1995இல பேற்றன்ற் குடுத்து, இந்திய ஆய்வு நிறுவனம் பழைய நூல்களைக் காட்டி எதிர்த்து 1997இல அது ரத்தானது. வேப்பெண்ணெய் வைச்சுப் பூஞ்சணத்துக்கு எடுத்த ஐரோப்பிய பேற்றன்றும் 2000இல ரத்து, அப்பீல் 2005 மட்டும் இழுபட்டு அதுவும் தோத்தது. ஆனா ஒடியல்மாவின்ர கசப்பை எடுக்க நீங்கள் புதுசா ஒரு முறை கண்டுபிடிச்சிருந்தால், அந்த முறைக்குக் கேக்கலாம்.

எத்தினை வருசத்துக்கு?

போட்ட நாளில இருந்து 20 வருசம், புதுப்பிக்கிற காசு கட்டிக்கொண்டு வந்தால்.

அமெரிக்காவில பேற்றன்ற் இருக்கிற சாமானை நான் இஞ்ச செய்து விக்கலாமோ?

அவை இலங்கையில பேற்றன்ற் எடுக்கேல்லை எண்டால் இஞ்ச செய்து இஞ்ச விக்கிறதுக்குத் தடை இல்லை. அமெரிக்காவுக்கு ஏத்தினால் பிடிபடுவியள். இதைத் திருப்பிப் பாத்தால் உங்கட மிஷினுக்கும் இதே விதிதான், அதுதான் நாட்டைத் தெரிவு செய்யேக்க யோசிக்கச் சொன்னது.

பி.சி.ரி. அப்பிளிகேசன் வெளியில வந்த பிறகு காசு கட்டச் சொல்லி ஒரு கடிதம் வந்திருக்கு, கட்டவோ?

கட்டாதேங்கோ. 18ஆம் மாசம் உங்கட பேரும் விலாசமும் வெளியில வரும் எண்டு சொன்னன் எல்லோ, அதைப் பாத்துக்கொண்டு இருக்கிற ஆக்கள் இருக்கினம். முத்திரை, கழுகுச் சின்னம், அப்பிளிகேசன் நம்பர் எல்லாம் சரியாப் போட்டு "பதிவுக் கட்டணம்" எண்டு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான டொலருக்கு பில் அனுப்புவினம். வைப்போவே தன்ர வெப்சைற்றில இப்பிடியான கடிதங்களின்ர படத்தைப் போட்டு எச்சரிச்சிருக்கு. 18ஆம் மாச வெளியீட்டுக்கு எண்டு தனிக் கட்டணம் ஒண்டும் இல்லை. மச்சானுக்குக் கடிதம் வந்தால் முதல் எனக்கு வட்ஸ்அப்பில படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறன், மாமியிட்டையும் சொல்லி வைச்சிருக்கு, தபால்காரர் ஜெனீவா எண்டு என்ன கொண்டுவந்து தந்தாலும் பாங்குக்கு ஓடாதேங்கோ எண்டு.